நந்தன் இல்லாத நந்தனார் படங்கள்

தமிழில் பேசும்படம் வந்தது 1931-இல். அடுத்த பதினோரு ஆண்டுகளுக்குள் நந்தனார் கதை இரண்டு முறை பெரும் பொருட்செலவில் படமானது. 1935-இல் அசன்தாஸ் தயாரித்து எம்.எல். டாண்டன் இயக்கிய ‘பக்த நந்தனார்’. 1942-இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி தயாரித்த ‘நந்தனார்’. முதல் படத்தில் நந்தனாக நடித்தவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். இரண்டாவதில் எம்.எம். தண்டபாணி தேசிகர். இருவரும் தமிழிசையின் பெரும் குரல்கள். அந்தக் குரல்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை, இரண்டு தயாரிப்பாளர்களும் நந்தனுக்கு நடிகரைத் தேடவில்லை, தொண்டையைத் தேடினார்கள் என்பது.

நாயகப் பாத்திரத்துக்குப் பொருந்தாத ஒருவரைப் போட்டால் ஒரு நாடகம் எப்படி உள்ளுக்குள்ளேயே சரியும் என்பதற்கு இந்த இரண்டு படங்களைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழில் இல்லை. சாதி ஒழிப்பு பேசுகிற நாம் இதை ஏதோ சினிமா ரசிகர்களின் வம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு சேரி மனிதனின் கதையில் சேரி மனிதனைத் தவிர எல்லோரும் இருந்தார்கள் என்றால் அது ரசனைக் கோளாறு மட்டும் அல்ல.

முதலில் 1935. சுந்தராம்பாளின் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தார். அதன் பிறகு அவர் வெள்ளை உடுத்தினார், ஆண்களோடு சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். படத்துக்கு அழைத்தபோது தட்டிக் கழிப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகவும், அசன்தாஸ் சரி என்று சொல்லிவிட்டதாகவும் சினிமா வரலாறு சொல்கிறது. அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. படியாள் என்ற சொல்லே படிக்கணக்கில் நெல்லளந்து கூலி கொடுத்ததில் இருந்து வந்தது. அந்தப் படியாளின் வேடத்துக்குத்தான் தமிழ் சினிமா முதன்முதலாக லட்சம் ரூபாய் கொடுத்தது! வேதியராக நடித்தவர் கர்நாடக சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ஆக, பண்ணையாரும் வித்வான், பண்ணையாளும் வித்வான். ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனத்தில், படத்தில் வந்த மரமும் எருமையும் ஆடும் நன்றாக நடித்திருப்பதாகக் கேலி செய்தார். படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை.

பெண் ஒருவர் நந்தனாக நடித்தது தவறு என்று நான் சொல்லவரவில்லை. நாடக மேடையில் ராஜபார்ட் போட்ட பெண்கள் எத்தனையோ பேர். சுந்தராம்பாளும் வறுமையில் வளர்ந்து, ரயிலில் பாடிய சிறுமியாக இருந்து மேலே வந்தவர் என்பார்கள். பசி என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. அந்த அனுபவத்தை யாரும் கேட்கவில்லை, பாட்டை மட்டும் கேட்டார்கள். அதே குரல் 1953-இல் ‘ஔவையார்’ படத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். ஊர் ஊராக நடக்கிற கிழவி, அரசனையே அதட்டுகிறவள். அங்கே அந்தக் குரலின் கம்பீரம் பாத்திரத்துக்கே சொந்தம். நந்தனிடம் அதே கம்பீரம் ஒட்டாத சட்டைபோல் தொங்கும், ஏனென்றால் நந்தனின் கதை முழுக்க அவனுக்குக் குரல் மறுக்கப்பட்ட கதை.

நந்தனின் பாத்திரம் நடிகரிடம் என்ன கேட்கிறது? சேக்கிழாரின் நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்கிறவர். ஊர்த்தொண்டுக்கு விடப்பட்ட நிலத்தில் பிழைக்கிறவர். கோயில் முழவுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுக்கிறவர். அந்தக் கதையில் வேதியர் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் வேதியரைக் கொண்டுவந்து நந்தனை அவருடைய பண்ணையாள் ஆக்கினார். சேக்கிழாரிடம் இல்லாததைச் சேர்த்ததாக மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதை ஏற்கத் தயங்கியது இலக்கிய வரலாற்றில் பதிவானது. என்னைக் கேட்டால் அந்தச் சேர்க்கைதான் கதைக்கு நாடகத்தைக் கொடுத்தது. சிதம்பரம் போக வேண்டும் என்று கேட்கிற ஆளிடம், நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் அறுத்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். ஓர் ஏக்கரைக் கையால் அறுத்து முடிக்க எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு முழு நாள் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘போகாதே’ என்று சொல்வதற்கு நிலவுடைமையிடம் இருக்கிற மொழி அது.

எங்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் அணைக்கட்டின் வடகாலிலும் தென்காலிலும் தண்ணீர் வந்தால் நெல்லும் வாழையும்தான். இப்போது நெல் அறுக்க மெஷின் வந்துவிட்டது. கையால் அறுத்த தலைமுறையும் இன்னும் ஊரில் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். இடுப்பில் இருந்து மடங்கி மடங்கியே பழகிய முதுகு நிமிரும்போது முழுசாக நிமிராது. கதிரின் அடியைச் சேர்த்துப் பிடித்துப் பிடித்து இடது கை விரல்கள் விரியாது. வயலில் அறுத்துக்கொண்டே பேசுகிறபோது முகத்தைத் தூக்கமாட்டார்கள், வார்த்தை தரையைப் பார்த்துத்தான் வரும். நில உடைமையாளர் வரப்பில் வந்து நின்றால் தலைத்துண்டு கக்கத்துக்குப் போகும். இப்படி ஓர் உடம்பு ஒரு நாள் தலையைத் தூக்கி, ‘நான் சிதம்பரம் போகணும், உத்தரவு கொடுங்க’ என்று கேட்கிறது என்றால் அதைக் கேட்கிற பண்ணையாருக்குத் தரை ஆட வேண்டும். பார்க்கிற நமக்கும் ஆட வேண்டும். திருநாளைப்போவார் என்ற பெயரையும் கவனியுங்கள். ‘நாளைக்குப் போவேன்’ என்று தினமும் சொன்னவர். இன்றைய பொழுது அவருக்குச் சொந்தமாக இல்லை, அதனால் நாளை. அந்தத் தவணையை நடிக்க மூச்சு நெஞ்சில் சிக்க வேண்டும். வித்வான்களோ மூச்சு சிக்காமல் பாடுவதற்கு ஆயுள் முழுக்கப் பயின்றவர்கள்.

1942 படத்தில் தேசிகர் இதைத்தான் செய்கிறார். அவர் பாடுகையில் கண் மூடிக் கேட்கலாம், கண்ணைத் திறந்தால் கச்சேரி. வயலும் சேரியும் பின்னால் கட்டிய படுதாவாகிவிடுகின்றன. தேவாரம் ஓதும் மரபில் வந்தவர் தேசிகர், 1936-இல் ‘பட்டினத்தார்’ படத்திலும் பாடி நடித்துப் புகழ்பெற்றவர். சந்நிதியில் நின்று பாடும் உரிமையுள்ள மரபின் குரலை, சந்நிதியை எட்டிப் பார்க்கவும் உரிமையில்லாதவனின் வாயில் வைத்தார்கள். அந்த முரண்பாட்டை உணர்ந்து வைத்திருந்தால் அதுவே ஒரு படம். உணரவில்லை.

நாயகன் இப்படி நாடகத்துக்கு வெளியே நிற்கும்போது ஒன்று நடக்கிறது. படத்தின் எடை நகர்ந்து வேறொருவர் தோளில் போய் உட்காருகிறது. தேசிகரின் நந்தன் முதல் காட்சியிலேயே முழு பக்தர், கடைசிக் காட்சியிலும் அதே பக்தர். அவருக்குள் எதுவும் மாறுவதில்லை. மாறுகிறவர் வேதியர் ஒருவர்தான். செருகளத்தூர் சாமா நல்ல நடிகர். ஆணவம், எரிச்சல், திகைப்பு, கடைசியில் மனமாற்றம் என்று அவருக்குப் படிப்படியான பயணம் இருக்கிறது. ஆக நந்தனார் என்ற பெயரில் நாம் பார்ப்பது வேதியரின் படம். மிராசுதார் ஒருவர் மனம் திருந்திய கதை.

இது தற்செயல் இல்லை. பூனா ஒப்பந்தம் 1932-இல். காந்தியின் ஹரிஜன யாத்திரை 1933–34-இல். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தது 1939 ஜூலையில். அந்தப் பத்தாண்டுகளின் அரசியல் பேசியதெல்லாம் சாதி இந்துவின் மனமாற்றத்தை. காந்தியும் நந்தனைத் தன்னையே வருத்திக்கொண்டு வென்ற சத்தியாகிரகியாகப் போற்றிப் பேசியிருக்கிறார். மனம் மாற வேண்டியவர் ஆண்டையே என்றால் நாடகமும் அவருடையதே, அடிமை இனிமையாகப் பாடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தால் போதும். அந்த வேலைக்கு நடிகர் எதற்கு, பாடகர் போதும் என்று தயாரிப்பாளர்கள் நினைத்ததில் வியப்பில்லை. நந்தனுக்கு வேறு வரலாறுகள் அப்போதே இருந்தன. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனை வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசனாக எழுதியிருந்தார். சுவாமி சகஜானந்தா 1916-இலேயே சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்தார். அம்பேத்கர் 1948-இல் தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்து எழுதிய நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவரின் நினைவுக்கும் காணிக்கையாக்கினார். அரசன் நந்தன், பள்ளிக்கூட நந்தன், அம்பேத்கரின் நந்தன். இவர்களில் ஒருவரை நடிக்க வேண்டும் என்றால் தேசிகரைத் தேடிப் போயிருக்கமாட்டார்கள்.

சினிமாக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. கதையின் கடைசிக் காட்சியில் நாயகனையே மாற்றிவிடுகிற வேலையைப் புராணமே செய்திருக்கிறது. தில்லையில் தீக்குள் இறங்குவது புலைப்பாடியின் நந்தன், தீயில் இருந்து எழுவது பூணூல் அணிந்த முனிவர். அந்த உடம்போடு உள்ளே விடமுடியாது என்பதால் உடம்பை எரித்துவிட்டு வேறு உடம்பு கொடுத்தார்கள். இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகத்தில் அந்தத் தீயைக் கொலையாக வாசித்தது சரியான வாசிப்பு. சினிமா செய்தது அந்தத் தீயைப் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே மூட்டியது. எரிக்கப்பட வேண்டிய உடம்பு படத்தில் ஒரு ஃபிரேமில்கூட வரவில்லை. முதல் காட்சியில் இருந்தே நாம் பார்ப்பது தீயில் இருந்து எழுந்து வந்தவரை.

இங்கே வழக்கமாக வரும் மறுப்பு எனக்குத் தெரியும். ‘நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதானே, கொலைகாரனாக நடிக்கக் கொலைகாரனையா கூட்டிவருவீர்கள்?’ நல்ல கேள்வி. யாரும் யாராகவும் நடிக்கலாம் என்ற விதியை நான் ஏற்கிறேன். இந்த நாட்டு சினிமா அதை ஏற்றதா? மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ படத்தை எடுத்த ஜே.சி. டேனியல், நாயர் பெண் வேடத்துக்குப் புலையர் சமூகத்தைச் சேர்ந்த பி.கே. ரோசியைத் தேர்ந்தெடுத்தார். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் ஆதிக்கச் சாதியினர் திரையைக் கல்லால் அடித்தார்கள். ரோசியின் குடிசை கொளுத்தப்பட்டது. அவர் ஊரைவிட்டு ஓடி நாகர்கோவில் பக்கம் வந்து பெயரும் முகமும் இல்லாமல் வாழ்ந்து மறைந்தார். எங்கள் ஊரில் இருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடுகிற ஊர். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் நந்தன் வேடத்துக்கு ஒரு லட்சம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நடித்தால் கலை, கீழே இருப்பவர் மேலே இருப்பவரை நடித்தால் கல்லடி. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவை விதி என்று சொல்லாதீர்கள்.

அதே சமயம் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வேடம் கொடுக்க வேண்டும் என்று சில தோழர்கள் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பார் படேலின் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ படத்தில் மம்மூட்டியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்தப் படம் அவரை அம்பேத்கரின் சிந்தனையை நடிக்கச் சொன்னது. படிப்பு, தனிமை, கோபம், நிதானம் எல்லாம் அந்த முகத்தில் வந்தன. தேர்வு செய்தவர் அந்தப் பாத்திரத்தை என்னவாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதைத்தான் நான் கேட்கிறேன். அம்பேத்கர் ஒரு மூளை என்று படேலுக்குத் தெரிந்திருந்தது. நந்தன் ஓர் உழைக்கும் உடல் என்பது ஜெமினிக்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது வேண்டியிருக்கவில்லை.

ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாடல்களில் மிருதங்கம் வாசிக்கப்படுகிறதே, அது மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத்தோல் வார். சேக்கிழாரின் நந்தன் கோயிலுக்குக் கொடுத்த அதே பொருட்கள். தோலைத் தேர்ந்து பதப்படுத்தி மிருதங்கம் செய்கிற தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூல் எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆக நந்தனின் கைவேலை அந்தப் படங்களின் ஒலியில் இருக்கிறது. படத்தில்தான் இல்லை. கல்கி எருமையைப் பாராட்டியது கேலிக்காக என்றாலும், நந்தனின் தொழிலுக்கு அந்தப் படத்தில் மிக அருகில் நின்றது எருமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய கதை என்று விட்டுவிடலாமா? 2024 செப்டம்பரில் இரா. சரவணன் இயக்கத்தில் ‘நந்தன்’ என்றே ஒரு படம் வந்தது. தனித்தொகுதி ஊராட்சியில் தலைவராக நிறுத்தப்படும் ஒடுக்கப்பட்ட மனிதனின் கதை. நோக்கத்தில் குறையில்லை. ஊராட்சிகளில் நாற்காலி மறுக்கப்படுகிற கொடுமையை வெகுசனப் படமாக எடுக்கத் துணிச்சல் வேண்டும். நாயகன் சசிகுமார். அவருக்கு முகத்தில் கருமை, பல்லில் கறை, தலையில் பரட்டை. ‘குட்டிப்புலி’ காலத்து வீர நாயகனைக் கூழ்ப்பானை என்ற ஏதுமறியா மனிதனாகக் காட்ட மேக்கப் பெட்டி முழுவதையும் கொட்டியிருக்கிறார்கள். 1942-இல் நந்தனைத் துலக்கினார்கள், 2024-இல் அழுக்காக்கினார்கள். இரண்டிலும் ஆள் இல்லை.

அந்தப் பாத்திரத்தைவிட மேக்கப் முன்னே போய் நிற்பதால் வரும் நட்டம் அழகியல் நட்டம் மட்டும் இல்லை. மேலவளவு முருகேசன் ஊராட்சித் தலைவர் ஆனது தெரியாத்தனத்தால் இல்லை. கொலை மிரட்டல் இருந்தது, வேட்புமனுவைத் திரும்பப் பெறச் சொன்னார்கள், தேர்தல் தள்ளிப்போனது, மறுபடி நின்றார், வென்றார். பாதுகாப்புக் கேட்டார். ஓடும் பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலையே நடக்கவிடவில்லை. நிற்க முன்வருவது என்ன விலை கேட்கும் என்று அங்கே அறியாதவர் யார்? இந்த வரலாற்றின் நாயகர்கள் விவரம் தெரிந்தவர்கள். அவர்களை வெகுளியாக்கினால்தான் நட்சத்திரத்துக்கு ‘நடிக்க வாய்ப்பு’ கிடைக்கும் என்பது சினிமாவின் கணக்கு. ‘ஜெய் பீம்’ செங்கேணியாக லிஜோமோள் ஜோஸ் உண்மையாகவே நன்றாக நடித்தார். அப்படிப்பட்ட நடிகரின் தோலிலும் கருமை பூசியிருந்ததைப் பார்த்தபோது கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த நடிப்புக்கு அது தேவைப்படவே இல்லை.

எங்கள் மாவட்டத்துக்காரர் பூமணியின் ‘வெக்கை’ 1982-இல் வந்த நாவல். அதன் மையம் சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையன். ‘அசுரன்’ (2019) ஆனபோது மையம் அப்பா சிவசாமிக்குப் போனது, ஏனென்றால் தனுஷ். அவர் பிரமாதமாக நடித்தார், தேசிய விருதும் வாங்கினார். ஆனாலும் நாவலைப் படித்தவர்களுக்கு ஒன்று உறுத்தும். கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிற ஒரு பையனின் கண்ணில் உலகம் எப்படித் தெரிந்தது என்பது போய், அடக்கிவைத்திருந்த அப்பா எப்போது வெடிப்பார் என்று காத்திருக்கிற படமாகிவிட்டது. திறமையான நடிகராலும் நாடகத்தின் எடை நகரும் என்பதற்குச் சொல்கிறேன், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாரி செல்வராஜின் ‘வாழை’ (2024) எங்கள் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்துக் கதை. புளியங்குளம், கருங்குளம் எல்லாம் நாங்கள் சைக்கிளில் போய்வந்த ஊர்கள். அதில் சிவனணைந்தானாக நடித்த பொன்வேலும் சேகராக நடித்த ராகுலும் நட்சத்திரங்கள் இல்லை. வாழைத்தார் சுமக்கிறவருக்குக் கழுத்து ஒரு பக்கமாகப் போகும். சேற்றில் கால் புதைய, அடுத்த அடியைக் கால் தேடுவதற்குள் தார் முதுகை அழுத்தும். அந்தப் பையன் சும்மாடு வைத்துத் தாரைத் தூக்குகிறபோது நடிக்கிறானா, தூக்குகிறானா என்று பிரிக்க முடியவில்லை. அதனால்தான் அவன் பசியோடு வந்து சோற்றுச் சட்டியில் கைவைக்கிற கடைசிக் காட்சி தியேட்டரை அப்படி அறைந்தது. அந்தப் பசிக்கு முன்கணக்கு அந்தக் கழுத்தில் இருந்தது. 2025-இல் வந்த ‘பைசன்’ படத்தில் மணத்தி கணேசனின் சாயலுள்ள வேடத்துக்குத் துருவ் விக்ரமைப் போட்டபோது இங்கே பலரும் முகம் சுளித்தார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. அவர் மேக்கப் பெட்டியை நம்பாமல் கபடி மைதானத்தில் உடம்பைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். பேச்சில் அங்கங்கே சென்னை எட்டிப் பார்த்தாலும் மூச்சுப் பிடித்து ஓடுகிறபோது அது எங்கள் பக்கத்து ஓட்டம்தான்.

இனிக் கேட்க வேண்டியது வாழை தூக்கின பையன்களைப் பற்றி. சாதிக் கொடுமையைச் சொல்லும் படத்துக்கு ‘நேட்டிவிட்டி’ வேண்டும் என்று ஊருக்குள் வந்து அவர்களைத் தேடுகிறது சினிமா. அடுத்த படத்தில் ஒரு டாக்டர், ஒரு கலெக்டர், ஊட்டியில் காதலிக்கிற ஒருவன், ஏன் ஒரு பண்ணையார் வேடத்துக்கு அவர்களை யாராவது கூப்பிடுவார்களா? துணை நடிகர் ஏஜென்ட்டிடம் ‘கறுப்பா நாலு பேர் அனுப்பு’ என்று போனில் சொல்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. அழுகிற காட்சிக்கு அழைத்து, சிரிக்கிற காட்சிக்கு மும்பையில் இருந்து ஆள் எடுத்தால் ரோசியின் மேல் விழுந்த கல்லுக்குப் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. நந்தனாரைத் திரும்ப எடுக்க யாராவது நினைத்தால் ஆதனூர் வயலில் கதிர் அறுத்த ஒருவரை நந்தனாகப் போடுங்கள். கூடவே, வேதியர் வேடத்துக்கும் அதே தெருவில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.